பன்னிரண்டாவது துப்பாக்கியின் கன்னம்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். பஸ்ஸில் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தால்கூட, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னிடம்தான் இது வந்து மாட்டியது.

மதியம் மூன்று மணிக்குக் கருவிப் பையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய துப்பாக்கிகளின் மரக்கட்டையை, தோளில் ஊன்றும் அந்தப் பின்பாகத்தை, செப்பனிடுவது என் தொழில். முப்பது வருடமாக அதே மர மெழுகு வாசனைதான்.

"தாடிக்குச் சாயம் பூச மட்டும் நேரம் இருக்கு. கூடப்பொறந்தவ கூப்பிட்டா வர மூணு வாரம்" என்றாள் அக்கா.

"சாயம் மாசத்துக்கு ஒரு தடவைதான்க்கா."

வழக்கமாகச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

அத்தான் பழைய ஐரோப்பிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். சுடுவதற்கு அல்ல, கரப்பான்பூச்சிக்கே அக்காவைக் கூப்பிடுகிற மனிதர் அவர். இரும்பில் செதுக்கிய இலை, கொடி, பறக்கிற வாத்து, வாய் பிளந்த நாய், இவற்றுக்காகத்தான் சேர்த்தார். ஓர் இலையின் நரம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மியூசியம். கண்ணாடி அலமாரியில் பதினொன்று இருந்தன. பன்னிரண்டாவது மூன்று மாதத்துக்கு முன் வந்தது.

"வா மச்சான்" என்று சோபாவிலிருந்து கூப்பிட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கண் உள்ளே போயிருந்தது. இமை பாதி மூடி, ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கட்டியிருந்தது. முகத்தின் இடது பக்கம் இரண்டு நாள் முள்தாடி. வலது கன்னத்தில் ஒரு முடி இல்லை. அந்த இடம் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. அருவருப்பை மறைக்கத் தண்ணீர் கேட்டேன்.

அக்கா சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள்.

"தினமும் அந்தப் புதுத் துப்பாக்கி மேல கன்னத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காருடா. கண்ணுல கோளாறே இல்லைங்கறாரு டாக்டர். ஆனா உள்ள போயிட்டே இருக்கு. இன்னும் ஒரு மாசத்துல அந்தக் கண்ணே இருக்காது."

"வித்துட வேண்டியதுதானே?"

"என்னை வித்தாலும் அத விக்க மாட்டார். நீ அந்தக் கட்டைய வெட்டிடு. வெட்டுப்பட்டத அவர் வீட்டுக்குள்ளயே வெச்சுக்க மாட்டார்."

அது உண்மை. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஒரே காரணத்துக்காக நல்ல துப்பாக்கி ஒன்றைத் திருப்பி அனுப்பியவர் அவர். துப்பாக்கி சேர்க்கிற இந்தக் கூட்டத்துக்குப் பழைய மரத்தைச் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. பிசுக்கைக்கூடத் துடைக்கக் கூடாது. "அது அழுக்கு இல்ல மச்சான், அதோட வயசு" என்பார். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். மூல மரத்தில் நான் ஒருநாளும் ரம்பம் வைத்ததில்லை. ஆனால் அக்கா என் கையை விடவில்லை. சரி என்றேன்.

நான்கு மணிக்கு அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் அலமாரியைத் திறந்தேன்.

முதலில் நாற்றம்தான் வந்தது. பல மாதம் உறை மாற்றாத தலையணையின் நாற்றம்.

பன்னிரண்டாவதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. விரல் நுனி அளவு இடத்தில் ஒரு முழுக் காடே இருந்தது. நடுவில் ஒரு வேட்டைக்காரன். அவனுக்கு இடது கண் மட்டும் செதுக்கியிருந்தது. வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. கட்டையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அது வலப்பக்கமாக வளைந்திருந்தது. வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்க்க, வலது கண் இழந்த ஒருவனுக்காக அளவெடுத்துச் செய்த கட்டை. வேட்டைக்காரன் அவனேதான்.

கன்னம் படும் இடம் ஈரமாக இருந்தது.

பஞ்சால் துடைத்தேன். மஞ்சள் பிசுக்கு. மறுபடி துடைத்தேன். மறுபடி ஊறியது. விரலில் ஏதோ குத்தியது. குட்டையான நரைமுடி ஒன்று மரத்தில் ஒட்டியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். தோலிலிருந்து பிடுங்குவதுபோல் ஒரு இழுவைக்குப் பிறகுதான் வந்தது.

நுனியில் வெள்ளையாக வேர் இருந்தது.

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு வந்து ரம்பத்தை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தேன். எந்தக் கட்டையானாலும் வெட்டுமுன் ஒருமுறை தோளில் ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். முப்பது வருடப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. கை தானாகத் தூக்கியது. கன்னம் தானாகச் சாய்ந்தது.

கனகச்சிதமாகப் பொருந்தியது.

மரம் வெதுவெதுப்பாக இருந்தது. என் வலது கண் இருண்டது. இடது கண்ணுக்குக் குழலின் விளிம்பு, அதன்மேல் செதுக்கிய வாத்துகள், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. என் கன்னத்துக்கு அடியில் ஒரு தாடை, எதையோ மெல்வதுபோல், மெதுவாக அசைந்தது.

பிய்த்துக்கொண்டு எழுந்தேன். பிளாஸ்திரி உரிவதுபோல் வலித்தது.

அதன்பிறகு நான் தொழில்காரனாக நடந்துகொள்ளவில்லை. கைப்பிடிக்குப் பின்னால் ரம்பத்தை வைத்துக் கண்டபடி அறுத்தேன். மரத்தூள் உதிரவில்லை, ஈரமாகப் பற்களில் அப்பிக்கொண்டது. அதை வழித்தெடுக்க எனக்குத் தைரியம் இல்லாததால் ரம்பத்தையே தூக்கி எறிந்துவிட்டேன்.

திரும்பி வந்த அத்தான் இரண்டு துண்டுகளையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். எழவு வீட்டிலிருந்து வந்தவர்போல் உட்கார்ந்தார்.

"வெறகாக்கிட்டியே மச்சான். எடுத்துட்டுப் போயிடு. என் கண்ணுல காட்டாத."

கட்டையை அக்கா கொல்லைப்புறத்தில் எரித்தாள். தீயிலிருந்து முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. இரும்புப் பாகத்தை நான் எடுத்துக்கொண்டேன், வழியில் எங்காவது வீச.

வீசவில்லை. அந்த இலைகளைப் பார்த்தீர்களானால் உங்களுக்கும் மனம் வந்திருக்காது. தப்பு கட்டையில்தானே, இரும்பு என்ன செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிதாக, நேராக ஒரு கட்டை செய்து மாட்டினால் போயிற்று.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கண்ணு தெளிஞ்சிடுச்சுடா. கன்னத்துல முடி முளைக்குது. இன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணாருடா!"

"நல்லதுக்கா" என்றேன். எனக்கும் கண் கலங்கியது. வலது கண் மட்டும் கலங்கி, பிறகு கலங்கியபடியே இருந்தது. தூசி என்று நினைத்தேன்.

நேற்று புதுக் கட்டை முடிந்தது. வால்நட் மரம், என் கையாலேயே இழைத்தது. நேராகத்தான் கோடு போட்டேன், நேராகத்தான் அறுத்தேன். பட்டறை மேஜையில் கிடத்தி மேலிருந்து பார்த்தபோது அது வலப்பக்கமாக வளைந்திருந்தது.

இன்று காலை கன்னம் படும் இடத்தைத் தடவினேன். இன்னும் மெழுகுகூடப் பூசாத புது மரம். ஈரமாக இருந்தது. விரலில் ஏதோ குத்தியது.

குட்டையான ஒரு முடி. நுனி நல்ல கறுப்பு.

அடிப்பகுதி மட்டும் வெள்ளை. தாடிக்குச் சாயம் பூசி மூன்று வாரமாகிறது எனக்கு.