சௌசௌப் பந்தலடியில் துவரம்பருப்பு

"நீ அனுப்பின சமையல்காரன் பருப்புத் திருடன்மா!"

சீசனுக்கு முதல்முறையாகக் கொடைக்கானலில் பங்களா எடுத்திருந்த விசாலாட்சி அம்மாள், கிபாயத்துல்லாவின் மளிகைக் கடைக்குள் படபடப்பாக நுழைந்தாள்.

அந்தக் கடை ஓரத்தில் மேஜை போட்டு, பங்களாக்களுக்குச் சமையல் ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழிலை லீலா அப்போதுதான் தொடங்கியிருந்தாள். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் சாம்பாரை ருசி பார்த்து அவள் தேர்ந்தெடுத்த முதல் ஆள் நல்லுசாமி. இது சரிப்படாவிட்டால் மதுரைக்குப் போய் டைப் அடிக்க வேண்டியதுதான் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவள் நிதானமாகவே விசாரித்தாள்.

"வேற என்னம்மா காணோம்?"

"பருப்பு மட்டுந்தான் கரையுது. விறகு ரெண்டு பங்கு செலவாகுது."

"நெய்?"

"அப்படியே இருக்கு."

துப்பறிவதென்றால் கிபாயத்துல்லாவுக்கு வியாபாரமே மறந்துவிடும். "பருப்பை பஸ்ஸுல கீழ அனுப்புறான்! வெரசாப் போனாப் பிடிச்சிரலாம், லீலாம்மா!"

பங்களா அடுப்படியில் நல்லுசாமி புகையில் கண் சிவந்து நின்றான். பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. லீலா நேரே பின்கட்டுக்கு நடந்தாள்; கிபாயத்துல்லாவும் பின்னாலேயே வந்தார். சௌசௌப் பந்தலடியில் காக்கைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தாள். அரைவேக்காட்டுத் துவரம்பருப்பு.

"புதைச்சு வச்சுக் கடத்துறான்!"

"அவிச்ச பருப்பை எவன் வாங்குவான் பாய்?"

எல்லாரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "திருடன் நெய்யை விட்டுட்டுப் பருப்பை எடுப்பானா? விறகும் கூட எரியுதுன்னா, ஏதோ வேகலைன்னு அர்த்தம். மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும். ஆனா அந்தக் கொதியில சூடு பத்தாது. கொதிக்குதேன்னு வழக்கம்போல இறக்கியிருக்காரு. பருப்பு கல்லாட்டம் கெடந்திருக்கு. மானம் போயிருமேன்னு அதைப் புதைச்சிட்டு வேற போட்டிருக்காரு."

நல்லுசாமி தலைகுனிந்தான். "பாய் கடைப் பருப்பு பழசுன்னு நெனச்சேங்க."

"என் பருப்பா? ஏலே!" என்று கிபாயத்துல்லா பாய்ந்தார்.

"அவரு மேல தப்பில்லை. கீழ ருசி பாத்துட்டு மேல அனுப்பினது நான்தான்," என்றாள் லீலா. "முந்தின நாளே ஊறப்போட்டு, மூடி வச்சு வேகவிடுங்க அண்ணே."

விசாலாட்சி அம்மாள் ஒரே ஒரு நாள் தவணை கொடுத்தாள். லீலா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த அம்மாளே கடைக்கு வந்தாள். "சாம்பார் அமிர்தம்மா. பக்கத்து பங்களாவுக்கும் ஒரு ஆள் வேணுமாம்."

"அப்போ மதுரை?" என்று மெல்லக் கேட்டார் கிபாயத்துல்லா.

லீலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கடைக்குப் பின்னால ஒரு அடுப்புப் போடணும் பாய். இனிமே வர்றவங்க இங்கயே சமைச்சுக் காட்டட்டும். பருப்பு உங்க கடையிலதான்!"