நரகத்தில் ஒரு புது முகம்

"ஐயா, என்னைக் கொன்னுருவாங்க!"

மது காய்ச்சி விற்கும் ஹாவிஸ், கோயிலுக்குள், கிறிஸ்தவ ஆயர் அனுப்பிய சோதனை அதிகாரி ஆஸ்பர்ட்டின் காலில் விழுந்தாள். சஃபோக்கின் அந்தச் சின்ன ஊர் மொத்தமும் சாத்திய கதவுக்கு வெளியே கல்லோடு நின்றது.

தவக்கால நோன்பு முழுக்கச் சுவரை மறைத்திருந்த திரையை அன்று காலைதான் இறக்கியிருந்தார்கள். பலிபீட வளைவுக்கு மேலே, நூறு வருஷத்து இறுதித் தீர்ப்பு ஓவியம். ஒரு பக்கம் புண்ணியவான்கள், கொட்டாவி விடாத குறையாக. மறுபக்கம் நரகம் மீன்வாயாகப் பிளந்திருந்தது. அதன் பற்களுக்கிடையில், கையில் குவளையோடு, ஹாவிஸ். கன்னத்து மச்சம்கூடத் தப்பவில்லை.

"கடவுளே வரைஞ்சது," என்றார் தர்மகர்த்தா ஜெர்வாஸ், கடவுளின் அந்தரங்கக் காரியதரிசி போல. "ரெண்டு பேர் காய்ச்சல்ல செத்தது இவ மதுவாலதான்."

ஊர்க் கொடிகளுக்கெல்லாம் தானே சித்திரம் தீட்டி, கீழே தன் பெயரையும் பெரிதாகப் போடுகிறவர் அவர். அவர் மனைவியும் மது காய்ச்சினாள், வாங்கத்தான் ஆளில்லை.

ஆஸ்பர்ட் வளைவின் குறுக்கே சிலுவையைத் தாங்கும் பரணில் ஏறி, ஈர விரலால் நரகத்தின் பல்லைத் தேய்த்தார். அசையவில்லை. ஓவியத்து ஹாவிஸின் முகத்தைத் தேய்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. முகர்ந்தார்.

"பழைய நிறம் ஈரச் சுண்ணாம்புல ஊறினது. இது காஞ்ச சுவர்ல, மஞ்சக்கருவைக் குழைச்சுப் பூசினது. புது வேலை."

அவருடைய எழுத்தர் பியர்ஸ் துள்ளினான். "ஊரே கோழி வளர்க்குதே எசமான், யாருன்னு தேடறது?"

"நோன்புல முட்டையும் விலக்குதானே, யாரும் உடைக்க மாட்டாங்கப்பா. போய்க் குப்பைக்குழிகளைக் கிளறு."

அவன் திரும்பும்வரை ஹாவிஸ் சுவரிலிருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளைவிட நிம்மதியாக இருந்தது. வெளியே யாரோ கதவை எத்தினார்கள்.

பியர்ஸ் வந்தான், உள்ளங்கையில் முட்டை ஓடுகளோடு. "தர்மகர்த்தா வீட்டுச் சாம்பல்குழி!"

ஆஸ்பர்ட் ஜெர்வாஸைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்தார். "நோன்புல முட்டை தின்னீங்களா? தண்டனையா வெள்ளைத்துணி சுத்திக்கிட்டு ஊர் முன்னால முட்டி போடணுமே!"

ஜெர்வாஸின் கழுத்து புடைத்தது. பலிபீடத்தில் ஓங்கிக் கை வைத்தார். "நானா? சத்தியமாச் சொல்றேன், என் வீட்ல ஒருத்தர் நாக்குலயும் முட்டை படலை!"

"நம்பறேன். தின்னலைன்னா, உடைச்சது எதுக்கு?"

சுவரிலிருந்த நரகத்தின் வாயும் ஜெர்வாஸின் வாயும் ஒரே அளவில் திறந்திருந்தன.

பியர்ஸ் கதவைத் திறந்து நடந்ததைக் கூவினான். கூட்டம் அடங்கியது. ஆனால் ஒருவரும் கல்லைக் கீழே போடவில்லை. தலைகள் மட்டும் ஜெர்வாஸ் பக்கம் திரும்பின.

"அவனை வெளிய அனுப்புங்க!"

ஹாவிஸ் ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். முதல் கல் மரத்தில் வந்து மோதியது.