ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பச்சைப் பொட்டலம்

"திருட்டு சார்... பட்டப்பகல்ல!"

போனில் அலறினாள் தலைமை நர்ஸ் மெய்-ஷியூ.

போலீஸ் ஜீப் காலையிலிருந்து கிளம்ப மறுத்து உயிரை வாங்கியது. இன்ஸ்பெக்டர் லோ டாக்ஸி பிடித்து, தைவானின் தைனான் நகர வெயிலில் வேர்க்க விறுவிறுக்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மதியச் சாப்பாடு போச்சு!

"என்ன காணோம்?"

"சிவப்பணுவை வளர வைக்கிற ஊசி சார். இதோ, யூ-தாங்குக்கு. பரம்பரை வியாதி... இவ உடம்புல சிவப்பணு முதிர்றதுக்குள்ளயே செத்துடும். இந்த ஊசி போட்டப்புறம் நாலு மாசமா ரத்தமே ஏத்தல!"

கட்டிலில் இருந்த இளம்பெண்ணின் கண்கள் கலங்கின.

"மூணு மணிக்குப் போடணும் சார். அடுத்த மருந்து வர ஒரு மாசம் ஆகும். மறுபடியும் படுக்கைதானா?"

பக்கத்தில் அவள் காதலன் கை-வென். சைக்கிள் பந்தய வீரன்!

லோ அவனை முறைத்தார்.

"சிவப்பணு ஏறினா சைக்கிள் பறக்குமில்ல தம்பி?"

"ஐயோ சார்! நான் எப்பவும் கடைசியில வர்றவன்!"

"அது சத்தியம்" என்றாள் யூ-தாங்.

மணி இரண்டரை.

லோவுக்கு வயிறு கிள்ளியது. மருந்து ஃப்ரிட்ஜின் தலையில் பச்சைநிறச் சோளப்பொரிப் பொட்டலம்... கை தானாகப் போனது.

மெய்-ஷியூ தடுத்தாள். "தொடாதீங்க! மெஷின் மக்கர் பண்ணாம இருக்க நம்ம ஊர் வழக்கப்படி வெச்சது. உங்க ஸ்டேஷன்ல இல்லியா?"

"இருக்கு, இருக்கு... பொரியாலதான் ஃப்ரிட்ஜ் ஓடுதாக்கும்! ஆமா, இது தேதி முடிஞ்சு ஒன்பது நாளாச்சே?"

"என்னது?! தேதி முடிஞ்சா பலிக்காதே!" மெய்-ஷியூவின் முகம் வெளுத்தது.

வாசலில் துடைப்பான் நழுவி விழுந்தது. துப்புரவு வேலை பார்க்கும் ஷூ-யிங் அக்கா!

லோ சட்டென்று திரும்பினார். "அக்கா... மருந்தை எடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார். காலையில துடைக்கிறப்ப தேதியைப் பார்த்தேன். பகீர்னுச்சு! கீழ குழந்தைங்க வார்டு ஃப்ரிட்ஜ் மேல புதுப் பொட்டலம் இருக்கு. மருந்தை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ள மாத்திட்டேன். சொன்னா திட்டுவாங்களேன்னு..."

"மருந்தைத் தொட நீங்க யாரு?" மெய்-ஷியூ பாய்ந்தாள்.

லோ ஃப்ரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

விளக்கு எரிந்தது. குளிர்? சுத்தமாக இல்லை! உள்ளே இருபத்தாறு டிகிரி!

"மருந்து இங்கேயே இருந்திருந்தா?"

"கெட்டுப் போயிருக்கும் சார்..." மெய்-ஷியூ அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள்.

அப்புறம் கீழே ஓடினாள். அந்த ஃப்ரிட்ஜ் காலையிலிருந்து நாலு டிகிரியைத் தாண்டவில்லை!

சரியாக மூன்று மணிக்கு ஊசி ஏறியது. யூ-தாங் சிரித்தாள்.

லோ மெல்ல வராந்தாவுக்கு நழுவி, போனை எடுத்தார்.

"ஸ்டேஷனா? நம்ம ஜீப்புல இருக்கிற பச்சைப் பொட்டலத்துல தேதி என்னன்னு பாருய்யா!"

"அது எங்க சார் இருக்கு? நேத்து சாயங்காலம் டீக்கு நீங்கதானே அதைத் தின்னு தீர்த்தீங்க!"