அப்பாவுக்குக் கொஞ்சம் இருட்டு

அம்மா தையல் மேசையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“வக்கீலம்மா கோட்டுக்கு வெட்டி வச்ச துண்டு எங்க போச்சு? நாளைக்குக் காலையில கோட்டைக் குடுக்கணுமே! அவங்க துணியில மிச்சம்கூட இல்லையே!”

அது எங்கே என்று வாண்டுவுக்குத் தெரியும். அவள் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் இப்போது அது வெறும் துண்டு இல்லை.

அப்பா தூரத்து ஊரில் இரவுக் காவலாளி. பகலில்தான் தூங்க வேண்டும். “ஜன்னலுக்குத் திரையே இல்ல குட்டி. வெளிச்சம் கண்ணைக் குத்துது” என்று போனில் சொல்லியிருந்தார். அதனால் வாண்டு, வெட்டுத்துணிக் கூடையில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து, கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று தைத்துவிட்டாள். மூக்குக்கு வளைவு வெட்டி, எலாஸ்டிக்கும் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு லாரி மாமா இன்று சாயங்காலம் அந்த ஊருக்குப் புறப்படுகிறார். அப்பாவுக்குச் சொல்லாமல் கொடுத்தனுப்பத் திட்டம்.

மேசையிலிருந்து நழுவிக் கூடைக்குள் விழுந்த துண்டு அது என்று அவள் கண்டாளா?

வாயைத் திறந்தால் பரிசு போச்சு. திறக்காவிட்டால்? அம்மா பதறிப்போய்க் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாள். வாண்டுவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

“அம்மா... இதுதான். அப்பாவுக்குத் தச்சேன்.”

“அடிப்பாவி!” அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று வாண்டுவுக்கு இருந்தது.

“இது கோட்டுல எங்கம்மா வரும்?”

“காலருக்கு அடியில.”

“அடியிலன்னா வெளிய தெரியாதே! வேற கறுப்புத் துணி வைக்கலாம்ல?”

“வைக்கலாம். ஆனா அவங்களைக் கேக்காம வைக்கக் கூடாது.”

“நானே கேட்டுட்டு வரேன்” என்று வாய் முந்திக்கொண்டது. கால்தான் வர மறுத்தது.

எதிர்வீட்டு வக்கீலம்மாவின் கதவைத் தொட்டதுமே உள்ளேயிருந்து ஓர் அதட்டல்.

“உண்மையைச் சொல்! எடுத்தது யார்?”

“நான்தான்! நான்தான் எடுத்தேன்!” வாண்டு அலறினாள்.

கதவு திறந்தது. வக்கீலம்மா திருதிருவென்று விழித்தாள். “நீ என்னத்த எடுத்த?”

வாண்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாளைக்கு எனக்கு முதல் வழக்கு. பயத்துல சுவர்கிட்ட கேள்வி கேட்டுப் பழகிட்டிருந்தேன். சுவர் வாயே திறக்கல, நீ ஒத்துக்கிட்ட!” பட்டையை வாங்கிக் கண்ணில் மாட்டிப் பார்த்தாள். “அட, நல்லா இருட்டா இருக்கே! வேற துணியே வைக்கச் சொல்லு. காலரைத் தூக்கிப் பாக்க எந்த நீதிபதியும் வரமாட்டார்.”

லாரி கிளம்புவதற்குள் வாண்டு ஓடிப்போய்ப் பட்டையை மாமா கையில் கொடுத்துவிட்டாள்.

அப்பா தினமும் சாயங்காலம் வேலைக்குப் போகும் முன் போன் செய்வார். மறுநாள் இருட்டத் தொடங்கியும் போன் வரவில்லை. வாண்டுவே அம்மாவின் போனை எடுத்து அழைத்தாள். எடுத்தவர் அப்பாவோடு அறையில் தங்கியிருக்கும் மாமா.

“சத்தம் போடாதம்மா,” என்றார் அவர், ரகசியக் குரலில். “கறுப்புப் பட்டையை மாட்டிக்கிட்டு உங்கப்பா குறட்டை விடறார். இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்பட்டுமா?”

“வேணாம் மாமா,” வாண்டுவும் கிசுகிசுத்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.”