நான்காவது மிதவை

அணைக்குள் சாலமன் போட்டு வைத்த மிதவைகள் மூன்று. அன்று காலை நான்கு நின்றன.

காலி எண்ணெய்க் கேனின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் கல்லைக் கட்டி இறக்கினால் அதுதான் மிதவை. அணை நிரம்பியபோது முழுகிப்போன பட்டமரங்களைச் சுற்றித்தான் மீன் அடையும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். இடம் தவறாமலிருக்க அந்தக் கேன்தான் அடையாளம். ஒருவன் மிதவை போட்ட இடத்தில் இன்னொருவன் வலை விடக் கூடாது. விட்டால், மிதவைக்காரன் வீடு தேடி வந்து பங்கு கேட்பான். கொடுத்தே ஆக வேண்டும்.

நான்காவதும் வெள்ளைக் கேன்தான். சாரல் மேகமலையை முழுக்க மறைத்திருந்த வெளிறிய வெளிச்சத்தில், பாசி வாடையோடு வந்த காற்றுக்கு மற்ற மூன்றும் தலையாட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் தரையில் ஊன்றியதுபோல ஆடாமல் நின்றது. சாலமன் பரிசலில் இருந்தபடியே குனிந்து அதன் கயிற்றைப் பிடித்தான். உடனே விட்டான்.

"என்ன மாப்ள, கரண்டா அடிக்குது?" என்றான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சுருளியாண்டி.

"கயிறு சுடுதுடா."

"தண்ணிக்குள்ள கெடக்குற கயிறு சுடுதாக்கும்? நேத்து அடிச்சது இன்னும் எறங்கலையா?"

"யாரு போட்டதுன்னு தெரியல. நமக்கு வேணாம்."

"யாரு போட்டாகளோ, வரட்டும். வந்தா பங்கக் குடுத்துட்டுப் போறோம். நம்ம வலையில பாசியத் தவிர எதுவும் ஏறி எத்தன நாளாச்சு?"

அந்த மிதவையைச் சுற்றி விட்ட வலையை இருவருமாக இழுக்க வேண்டியிருந்தது. அத்தனையும் கொழுத்த கட்லா. ஒன்றுகூடத் துள்ளவில்லை. வலைக்குள் அடுக்கி வைத்ததுபோலக் கிடந்து, கண் திறந்து, வாயை மெல்ல மெல்லத் திறந்து மூடின.

சின்னமனூர் வியாபாரிக்குப் போக, சாலமன் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தான். மனைவி அனிதா மேரி குழம்பு வைத்தாள். மகள் அபிதா நடுத்துண்டாகக் கேட்டு வாங்கித் தின்றாள். அவனுக்கு இறங்கவில்லை. கயிறு பட்ட உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். எத்தனை சோப்புப் போட்டும், வெகுநேரம் மூடிக் கிடந்த ஒரு வாயின் வாடை அதில் இருந்தது.

மறுநாள் அந்த மிதவை கரைக்குப் பாதி தூரம் நெருங்கி நின்றது.

"பாத்தியா, நமக்கு அலைச்சல் வேணாம்னு அதுவே வருது" என்று சிரித்த சுருளியாண்டி, பரிசலை நிறுத்த எட்டிக் கயிற்றைப் பிடித்தான்.

கேன் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது. தூண்டில் தக்கையை மீன் தொட்டதுபோல.

கயிறு அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. முதலில் அவன் அதற்கும் சிரித்தான். பிறகு தோள்மூட்டு கழன்ற சத்தம் கேட்டது. பரிசல் சாய்ந்து ராட்டினம்போலச் சுழன்றது. வலையில் சிக்கும் கிளைகளை வெட்ட வைத்திருந்த அரிவாளை எடுத்துச் சாலமன் கயிற்றில் ஓங்கி வெட்டினான். சதையில் இறங்குவதுபோல இறங்கியது. கயிறு அறவில்லை.

"கைய வெட்டுறா!"

"டேய்..."

"ஏலே, வெட்டுறா!"

வெட்டினான். எலும்பில் இடித்தது. சுருளியாண்டி அலறினான். மறுபடி வெட்டினான். கை தண்ணீருக்குள் போனது. பரிசல் நிமிர்ந்தது. முகத்தில் தெறித்த ரத்தம் வாய்க்குள் உப்புக் கரித்தது.

மொட்டைக் கையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "விட்டுருச்சு மாப்ள" என்றான் சுருளியாண்டி.

விடவில்லை. கயிறு பரிசலின் விளிம்பைத் தாண்டி ஏறி வந்தது. நிதானமாக வந்தது. அவன் கழுத்தைச் சுற்றியது.

தண்ணீர் மூடிக்கொண்டது. சிவப்பு பரவியது. அதன்மேல் சாரல் பெய்தது.

சாலமன் மிதவைகளை எண்ணினான்.

மூன்று.

பங்கு. வீடு தேடி வந்து கேட்பான். நேற்று அந்த மீனைத் தின்றது யார்?

அபிதா.

கரைக்கு எப்படி வந்தான் என்று தெரியாது. ஓடினான். சோளக்காட்டைத் தாண்டி. மாதா கெபியைத் தாண்டி. எதிரே வந்தவர்கள் அலறி ஒதுங்கினார்கள். நாய்கள் குரைக்கவில்லை.

வீட்டுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அனிதா மேரி உள்ளே இருந்தாள். தகரம் போட்ட வாசலில், காய்ந்த சிமெண்ட் தரைமேல், வெள்ளைக் கேன் ஆடாமல் நின்றது. அதன் கயிறு விரிசல் எதுவும் இல்லாத சிமெண்டுக்குள் நேராக இறங்கியிருந்தது. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அபிதா கயிற்றைத் தன் கையில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்று நிமிர்ந்து சிரித்தாள். "இந்தக் கயிறு சுடுதுப்பா."

கேன் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது.

சாலமனின் கையில் அரிவாள் இன்னும் இருந்தது.