குட்டி இல்லாத தொட்டி

மூன்று நாளாக மூக்கால் முட்டி முட்டி மேலே தள்ளிக்கொண்டிருந்த செத்த குட்டியை நேற்று வலைபோட்டுத் தூக்கிப்போன பிறகு, அந்தத் தாய் டால்பின் கத்தவும் இல்லை, தேடவும் இல்லை. அதுதான் தொட்டி கழுவுகிறவனுக்கு என்னவோ போலிருந்தது. தூக்கியது அவன்தான்.

காட்சி இல்லாத நாள். மத்தியான வெயில், காலி இருக்கைகள், மூக்கை எரிக்கிற குளோரின் நெடி, பம்பின் ஓயாத முனகல். கரையில் மீன் வாளியோடு அவன் மச்சான் நின்றான். பெண்டாட்டியின் தம்பி, பம்பு பார்க்கிற வேலை, வாய் மட்டும் மூடாது.

"மாமா, நேத்துலேர்ந்து அது ஒரு மீனக்கூடத் தொடல. உங்களையேதான் பாக்குது."

"என் அழகைப் பாக்குதுடா. நீ வாளியக் காட்டி அந்தப் பக்கம் இழு. அரை மணி நேரத்துல பாசியச் சுரண்டிட்டு ஏறிடறேன்."

பயிற்சியாளர் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது விதி. விதியாவது, மண்ணாவது! கறுப்பு ரப்பர் உடுப்பை மாட்டி, காற்று உருளையை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அடியில் பிரஷ் தேய்கிற சத்தம், தன் மூச்சு குமிழியாகப் போகிற சத்தம், அதற்கும் பின்னால் துருப்பிடித்த கீல் திறப்பதுபோல இன்னொன்று. அது காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது, யாரோ நெஞ்சுக்குள் கைவிட்டு எதையோ துழாவுகிற மாதிரி இருந்தது.

திரும்பினான். ஒரு முழத் தூரத்தில் அந்த முகம்.

வயிற்றுக்கடியில் மூக்கைக் கொடுத்து அவனை விறுவிறுவென்று மேலே தூக்கியது. போகிற வேகத்தில் வாயிலிருந்த காற்றுக்குழாயை இழுத்துப் பிய்த்துப் போட்டது. தலை வெளியே வந்ததும் இருமிக்கொண்டே சிரித்துவிட்டான். குட்டி என்று நினைத்துக்கொண்டதோ, பாவம்! நிஜமாகவே மனசு இளகியது.

ஏணியைப் பார்த்து நீந்தினான். குறுக்கே வந்தது. எதிர்ப்பக்கம் போனான். அங்கேயும் வந்தது. மூன்றாவது தடவை விலாவில் ஒரு இடி; உள்ளே ஏதோ முறிந்தது. அப்புறம் துடுப்பால் தடவிக்கொடுத்தது.

மச்சான் வலைக் கம்பை நீட்டினான். வாலால் ஒரே அடி. கம்பு இரண்டு துண்டு.

"மாமா! பயிற்சியாளருக்குப் போன் போட்டுட்டேன்! ஒரு மணி நேரத்துல வந்துருவாங்களாம்! அசையாம இருங்க!"

ஒரு மணி நேரம். ஐயோ! அவனுக்கு அழுகை வந்தது. மச்சான் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட இல்லாமல் வாய்விட்டு அழுதான்.

அழுகிற குட்டிக்கு என்ன வேண்டும் என்று தாய்க்குத் தெரியாதா என்ன?

தோளைக் கவ்வியது. மெதுவாகத்தான். கீழே இழுத்தது. உதைத்தான். இன்னும் கீழே. தொட்டியின் மூலை. ஒருக்களித்துப் படுத்தது. அடிவயிற்றில் ஒரு பிளவு. அதிலிருந்து தண்ணீரில் வெள்ளையாக எதுவோ கசிந்தது.

பால்.

வாயை இறுக மூடிக்கொண்டான். மேலே வெயில் ஆடியது. மச்சானின் நிழல் இங்கும் அங்கும் ஓடியது. நெஞ்சு வெடித்தது. அது அவசரப்படவில்லை. சுவருக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே அவன் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, அவன் வாயைத் திறப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.