திருத்தப்படாத ஹைட்ரஜன்

மந்தாரக்குப்பத்திலிருந்து ஓடிவந்த உமாராணி, துப்பறிவாளர் சிங்காரவேலின் காலில் விழாத குறை.

"எம் புருசன லாக்கப்புல அடிச்சிகினே இருக்காங்க சார்! செத்துடுவாருங்க! அவரு கொல்லலங்க!"

அவள் கணவன் குமரவேல் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து, மின்விசிறி பழுது பார்க்க ஆராய்ச்சியாளர் நந்தினியின் குவார்ட்டர்ஸுக்குப் போனவன், மண்டை பிளந்து கிடந்தவளைப் பதறித் தூக்கியிருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். அடித்த ஸ்பேனரும் முந்தின நாள் அவன் அங்கே மறந்துவிட்டு வந்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

சிங்காரவேலின் உதவியாளர் சத்யா வேதியியல் படித்தவள். சிங்காரவேலோடு குவார்ட்டர்ஸுக்குப் போனபோது, நந்தினியின் அறைச் சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. கணினித் திரையில் ஒரு புரதத்தின் அணு அமைப்பைக் காட்டும் மாடல் இருந்தது. இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வன் அருகில், நந்தினியின் சக ஆராய்ச்சியாளர் மதிவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட் விட்ட பிறகுதான் நான் இங்கிருந்து கிளம்பினேன். நந்தினி ஹைட்ரஜன் ஒவ்வொண்ணையும் சரிபார்த்து, திருத்தின மாடலை எனக்குக் காட்டினா. அதே மாடல்தான் இது."

"அதென்ன ஹைட்ரஜனைத் திருத்துறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சத்யா முந்திக்கொண்டாள். "எக்ஸ்ரே ஆய்வுல ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரியாது சார். பக்கத்து அணுக்களை வச்சு புரோகிராம்தான் கணக்குப் போட்டு அதை வைக்கும். சில இடத்துல தப்பா வச்சிடும். நாமதான் பார்த்து மாத்தணும்." திரையை நெருங்கியவள் திகைத்தாள். "இங்க ரெண்டு ஹைட்ரஜன் முட்டிக்கிட்டு நிக்குதே! எதையுமே மாத்தலையே!"

"புரோகிராம் எப்போ முடிஞ்சிருக்கு?" சிங்காரவேல் நிதானமாகக் கேட்டார்.

சத்யா கணினிப் பதிவைப் பார்த்தாள். "ஷிப்ட் விடறதுக்கு ரொம்ப முன்னாடியே. அப்புறம் யாரும் கீபோர்டைத் தொடலை."

"அந்த நேரத்துல குமரவேல் மைன்ஸுக்குள்ளே இருந்தான். முடிஞ்சதும் உட்கார்ந்து திருத்த வேண்டிய நந்தினி கீபோர்டைத் தொடவே இல்லை, ஏன்னா புரோகிராம் முடியறப்போ அவங்க உயிரோட இல்லை. இல்லாத திருத்தத்தை நீங்க எப்படிப் பார்த்தீங்க, மதிவாணன்?"

மதிவாணன் கண்ணாடி டம்ளரை மேசையில் அடித்து உடைத்து, சத்யாவின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தார். அவள் கன்னம் கிழிந்து ரத்தம் வழிந்தது. சிங்காரவேல் அந்தக் கையைப் பிடித்து முறுக்க, எலும்பு முறிந்தது.

"நான் முன்னாடி வெளியிட்ட மாடல்ல ஹைட்ரஜன் தப்பான பக்கம் இருக்குன்னு கட்டுரை எழுதப்போறேன்னா!" அவர் தரையில் கிடந்து அலறினார். "என் பேரே நாறிப்போயிருக்கும்!"

ஒரு பெயருக்காக ஓர் உயிர். சத்யாவுக்குக் கன்னத்து எரிச்சலைவிட ஆத்திரம்தான் பொங்கியது.

அன்று மாலையே குமரவேலை வெளியே விட்டார்கள். வீங்கிய முகம் அடையாளமே தெரியவில்லை. வலது கை விரல்கள் உடைந்து தொங்கின.

"தப்பு நடந்துபோச்சும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

உமாராணி அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இந்தக் கையாலதாங்க நாங்க சோறு துன்றோம்," என்றாள்.